சீட்டில் கேள்வி இல்லாத ஸ்கேன்

‘யு.எஸ்.ஜி. ஆப்ஸ்’, அதாவது கர்ப்பகால அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்று இரண்டு சொல். பெண்ணின் பெயர், வயது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரிடமிருந்து கொண்டுவரும் ஸ்கேன் சீட்டுகள் பலவற்றில் இதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. அரசு மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்டாக இருந்த காலத்திலும் இதைத்தான் பார்த்தேன். இப்போது டெல்டா பக்கம் ஒரு சிறு நகரத்தில் சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைத்த பிறகும் இதைத்தான் பார்க்கிறேன்.

எது நிரம்பியிருக்கும், எது காலியாக இருக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. பெயரும் தேதியும் கட்டாயம் இருக்கும். கடைசி மாதவிடாய் தேதி சில சமயம் இருக்கும். முன்பு சிசேரியன் ஆனதா, கரு கலைந்திருக்கிறதா, சர்க்கரை உண்டா, சொந்தத்தில் கல்யாணமா, இந்த ஸ்கேனில் டாக்டர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதெல்லாம் அபூர்வம். யாருக்கு ஸ்கேன் என்பது தெரிந்துவிடும். எதற்கு என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சீட்டு எழுதும் இளம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் படித்தால் இன்னும் நல்லது. சீட்டில் விட்டுப்போனது பெரும்பாலும் அவர்கள் பையில்தான் இருக்கிறது.

முதலில் தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாள், அதாவது எல்.எம்.பி., தெரிந்தால்தான் குழந்தைக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட முடியும். அந்தத் தேதியோடு 7 நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போனால் அடுத்த ஆண்டுக்கான பிரசவத் தேதி வந்துவிடும். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிடாய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கும். சீட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் நாங்கள் அந்தப் பெண்ணிடமே கேட்கிறோம். இங்கிலீஷ் தேதி பலருக்கு நினைவிருக்காது. ‘கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?’ என்று கேட்டால் ‘ஆடிப்பெருக்குக்கு மறுநாள் டாக்டர், எல்லாரும் ஆத்துக்குப் போனாங்க, நான் போகலை’ என்று பதில் வரும். ஆகஸ்ட் 4. பிரசவத் தேதி மே 11. இதைவிட உறுதியான தேதி எந்த டைரியிலும் கிடைக்காது. பண்டிகை, அமாவாசை, ஊர்த் திருவிழா, நாத்தனார் கல்யாணம் என்று எதையாவது பிடித்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் சரியான நாளுக்கே வந்துவிடலாம். என் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கும் பெண் அந்த வருடத்து தமிழ்க் காலண்டரைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

ஆனால் சீட்டில் தேதிக்குப் பதிலாக ‘8 மாதம்’ என்று எழுதி வந்தால்தான் சிக்கல். ஏழு முடிந்து எட்டு நடக்கிறதா, எட்டும் முடிந்துவிட்டதா? நம் வீடுகளில் நடக்கிற மாதத்தைச் சொல்வார்கள். டாக்டர் முடிந்த மாதத்தை எழுதியிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நாலு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அந்த நாலு வாரத்துக்குள்தான் குழந்தையின் கதி மாறுகிறது.

ஒரு குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகள் எல்லாம் 31 வாரத்துக்குப் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்கு உண்மையில் 31 வாரம்தான் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம். 35 வாரம் என்றால் குழந்தை வளராமல் நிற்கிறது. டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், அடிக்கடி வரச்சொல்ல வேண்டும், சில சமயம் அன்றைக்கே பிரசவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மெஷினில் தெரிகிற எண் ஒன்றேதான். கடைசி மூன்று மாதத்தில் ஸ்கேனை மட்டும் வைத்து வயது சொன்னால் மூன்று வாரம் வரை முன்பின் ஆகலாம். முதல் மூன்று மாதத்தில் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து சொல்லும் வயது ஒரு வாரத்துக்குள் சரியாக இருக்கும். அதனால்தான் முதல் ஸ்கேன் ரிப்போர்ட் தங்கம் மாதிரி. ஒருமுறை அதை வைத்துப் பிரசவத் தேதியை, அதாவது இ.டி.டி.யை, முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. ஒவ்வொரு சீட்டிலும் ‘9 வார ஸ்கேன்படி இ.டி.டி. இன்ன தேதி’ என்று அதையே எழுதிக்கொண்டு வர வேண்டும்.

நடப்பது வேறு. ஒவ்வொரு ஸ்கேனிலும் மெஷின் அன்றைய அளவுக்கு ஏற்ப ஒரு புதுத் தேதியை அச்சடித்துத் தரும். ‘டாக்டர், போன ஸ்கேன்ல பத்தாம் தேதின்னாங்க, இப்ப இருபத்தஞ்சுன்னு வருது, எதுக்கு வளைகாப்பு வைக்கிறது?’ என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டாவது சீட்டில் முதல் ஸ்கேன் தேதி இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. இன்னும் மோசம், பின்னால் வந்த தேதியை நம்பி, வளராத குழந்தையைச் ‘சின்ன வயசுக் குழந்தை’ என்று விட்டுவிடுவது.

எல்.எம்.பி. தெரியாதவர்களும் இருக்கிறார்கள். முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தங்கிவிடும். நடுவில் மாதவிடாயே வந்திருக்காது. அப்போது சீட்டில் ‘எல்.எம்.பி. தெரியாது, பால் கொடுக்கும்போது தங்கியது’ என்று எழுதினால் எனக்கு அது முழுமையான தகவல். காலியாக விட்டால் கேட்க மறந்தார்களா, கேட்டும் தெரியவில்லையா என்று புரியாது. இது எல்லாக் கட்டங்களுக்கும் பொருந்தும். ‘முன் சிசேரியன்: இல்லை’ என்பதும் வெறும் கட்டமும் ஒன்றல்ல.

சிசேரியன் பேச்சு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் இரண்டாவது குழந்தைக்கு வருகிறவர்களில் ஏராளமானவர்களுக்குக் கருப்பையில் தழும்பு இருக்கிறது. ஆறு, ஏழு வாரத்தில் ‘கர்ப்பத்தை உறுதி செய்ய’ என்று சீட்டு வரும். கருப்பைக்குள் கரு இருக்கும் சிறு பை ஓரளவு கீழேயே தெரிந்தால், தழும்பு உள்ள பெண்ணிடம் அது பழைய தையலுக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். அப்படிப் பதிந்தால் உயிருக்கே ஆபத்து. தழும்பு இல்லாதவர்களுக்கு அந்தத் தேடல் தேவையில்லை. பின் மாதங்களில் நஞ்சுக்கொடி முன்பக்கம் கீழே இறங்கி இருந்தால், சிசேரியன் ஆனவர்களுக்கு அது தழும்பைத் துளைத்து வேர்விட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் பிரசவத்தை ரத்த வங்கியும் பெரிய குழுவும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே மாற்ற வேண்டும். சிசேரியன் மேஜையில் வயிற்றைத் திறந்த பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது.

பெரும்பாலும் இந்தத் தகவல் எனக்குச் சீட்டிலிருந்து கிடைப்பதில்லை. ஜெல் தடவப் புடவையை இறக்கும்போது அடிவயிற்றில் குறுக்காக ஓடும் தழும்புதான் சொல்கிறது. இளம் ரேடியாலஜிஸ்ட்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்கேன் கருவியான ப்ரோபை வயிற்றில் வைப்பதற்கு முன் வயிற்றைக் கண்ணால் பாருங்கள். அது ஓர் ஒழுங்கான சீட்டு.

இன்னொரு வகைத் தகவல் வயிற்றைப் பார்த்தாலும் தெரியாது. ஐந்தாம் மாதம் குறைபாடு ஸ்கேனுக்கு ஒரு பெண் வந்தார். சீட்டில் ‘அனாமலி ஸ்கேன்’ என்று மட்டும் இருந்தது. தலை முதல் கால் வரை பார்த்து முடித்து, ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார்: ‘தலையில தண்ணி கோத்திருக்கா டாக்டர்? மொதப் புள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு.’ கணவர் தாய்மாமன். மறுபடி படுக்கவைத்து மூளையின் அறைகளை மட்டும் நிதானமாக ஒருமுறை அளந்தேன். அளவுகள் சரியாகவே இருந்தன. ஆனால் தலையில் நீர் கோப்பது சில குழந்தைகளுக்குப் பின் மாதங்களில்தான் தெரிய வரும் என்பதால் திரும்பவும் ஒரு தேதி கொடுத்தேன். ‘முதல் குழந்தைக்குத் தலையில் நீர், சொந்தத்தில் திருமணம்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் ஸ்கேன் முழுக்க அந்தக் கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை. அதே தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். இருந்தும், என் சென்டரின் சீட்டில் நானே சேர்க்கும்வரை, எந்தச் சீட்டிலும் அதற்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை.

சில விஷயங்களைச் சீட்டில் எழுதாமல் விடுவதற்குக் காரணம் அலட்சியமில்லை, தயக்கம். குழந்தையின்மை சிகிச்சையில் தங்கிய கர்ப்பம் என்பது மாமியாருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன் ஒரு கருக்கலைப்பு நடந்திருக்கலாம். சீட்டு வீட்டில் பல கை மாறும் என்று அந்த டாக்டருக்குத் தெரியும். ஆனால் கருவைக் கருப்பையில் வைத்த தேதி தெரிந்தால் வாரக் கணக்கு அப்பழுக்கில்லாமல் வந்துவிடும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். சீட்டில் ‘போனில் பேசவும்’ என்று எழுதி நம்பர் கொடுத்தால் போதும். இந்தப் பக்கம் நானும் கூட வந்தவர்களை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியாகக் கேட்டுவிடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்தால் எழுதுங்கள், குழந்தையின் இதயத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். ரத்தக் கொதிப்பு இருந்தால் எழுதுங்கள், டாப்ளரின் பொருளே மாறும். இரட்டைக் குழந்தை என்றால் நஞ்சு ஒன்றா இரண்டா என்று முதல் ஸ்கேனில் வந்த விடையை ஒவ்வொரு சீட்டிலும் திரும்ப எழுதுங்கள். 14 வாரத்துக்கு முன் தெளிவாகத் தெரிகிற இது பிறகு மங்கிவிடும். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரை 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ‘அசைவு குறைவு’ என்றால் எப்போதிலிருந்து என்பதையும் சேருங்கள். ‘நேற்று இரவிலிருந்து அசைவு குறைவு’ என்று எழுதினால் அந்தப் பெண் என் வரிசையில் முதலாவதாக உள்ளே வருவார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. அதன்படி கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஒவ்வொருவருக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். அதில் ஒரு குறை இருந்தாலும் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும், குற்றமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவருடையது. மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ‘எழுத்துப் பிழைக்கெல்லாம் குற்றவாளியா?’ என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. பதிவேடுதான் இந்தச் சட்டத்தின் உயிர் என்று சொல்லி 2019 மே மாதம் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்த ஒரு நாட்டில் அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து.

விளைவு, ஃபார்ம் எஃப் ஒரு புள்ளி விடாமல் நிரம்பியிருக்கும். உயிரோடு இருக்கும் ஆண் குழந்தை எத்தனை, பெண் குழந்தை எத்தனை, ஒவ்வொன்றின் வயது, கணவர் பெயர், முழு முகவரி, போன் நம்பர், அனுப்பிய டாக்டரின் பெயர், முகவரி எல்லாம் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டும் எப்படிப் பிறந்தன என்று தெரியாது. ஸ்கேனுக்கான காரணமாக 23 விஷயங்களை அந்தப் படிவம் பட்டியலிடுகிறது. அனுப்பிய டாக்டரின் சீட்டில் காரணம் இல்லாததால், அதில் ஒன்றை டிக் செய்வது கடைசியில் நாங்கள்தான். சட்டம் கேட்டதைச் சட்டத்துக்காக நிரப்புகிறோம், அதனால் ‘படிவம் முழுமையாக இருக்கிறது’ என்ற திருப்தியும் வந்துவிடுகிறது. சீட்டு அப்படியேதான் காலியாக இருக்கிறது. அந்தச் சீட்டையும் இரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதையும் வைத்திருக்கிறோம், வெற்றிடத்தோடு சேர்த்து.

சீட்டு ஏன் காலியாக வருகிறது? டாக்டர்களின் சோம்பல் என்று சொல்வது எளிது. நான் அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் நின்றவள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நாள் வரும்போது அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் பிரஷர் பார்க்க, ஒருவர் வயிறு பார்க்க, மேஜை ஓரத்தில் பயிற்சியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் அடுக்காகச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணிடம் பேசியவர் வேறு, சீட்டு எழுதியவர் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு. கேள்வி முதல் ஆளின் தலையிலேயே தங்கிவிடும். தனியார் கிளினிக்குகளில் கதை வேறு. அங்கே சீட்டு எழுதும் பேட் என்பது ஸ்கேன் சென்டர் அச்சடித்துத் தரும் விளம்பரம். மேலே பெரிய எழுத்தில் பெயர், பக்கத்தில் மெஷின் படம், கீழே போன் நம்பரும் போகும் வழியும். நடுவில் கைவிரல் அகலத்தில் ‘குறிப்பு’ என்று ஓர் இடம். அதில் என்னதான் எழுத முடியும்?

ஒரு மருத்துவமனையில் இதைச் சரிசெய்ய இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் கட்டம். பழையதைவிட அதிகமாகக் காலியாக வந்தது, ஏனென்றால் எது முக்கியம் என்றே தெரியவில்லை. என் சென்டரின் பேட்டை நான் மாற்றியபோது எதிர்த்திசையில் போனேன். அரைப் பக்கம்தான். சென்டர் பெயரை அடியில் சின்னதாக இறக்கிவிட்டேன், அச்சகக்காரர் இரண்டு முறை போன் செய்து ‘நிஜமாகவா மேடம்?’ என்று கேட்டார். முதல் வரியில் எல்.எம்.பி., பக்கத்திலேயே ‘தெரியாது’ என்று ஒரு கட்டம். அடுத்து முதல் ஸ்கேன்படி பிரசவத் தேதி. பிறகு சிசேரியன் உண்டா இல்லையா, முந்தைய குழந்தைக்குக் குறைபாடு உண்டா இல்லையா, சொந்தத்தில் திருமணமா இல்லையா, சர்க்கரை, பிரஷர். கடைசியாக இரண்டு வரி இடம்விட்டு, ‘இந்த ஸ்கேனில் எனக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. டாக்டரின் பெயர், பதிவு எண்ணுக்கு ரப்பர் ஸ்டாம்ப் போடும் அளவுக்கு ஒரு பெட்டி. விளக்கி எழுத வேண்டியதில்லாத ‘உண்டு, இல்லை’ கட்டங்கள் சீக்கிரமே நிரம்ப ஆரம்பித்தன. கேள்வி வரி இன்னமும் பாதிக்குப் பாதிதான்.

அந்த வரியை நிரப்பவைத்தது பேட் இல்லை, ரிப்போர்ட். கேள்வி எழுதி வந்த சீட்டுகளுக்கு ரிப்போர்ட்டின் முடிவுரையில் அந்தக் கேள்விக்கே முதலில் பதில் எழுதினேன். ‘நஞ்சு தழும்பின் மேல் இல்லை, 3 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது’ என்று ஒரு வரி. கேள்வி கேட்டால் பதில் வருகிறது என்று தெரிந்த டாக்டர்கள் மறுபடி கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் தொழிலில் எல்லா ரிப்போர்ட்டையும் ‘நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று முடித்துவிட்டு, கேள்வி வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

சீட்டு சரியில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. இரண்டு பஸ் மாறி வந்த கர்ப்பிணியை ஒரு கையெழுத்துக்காகத் திரும்ப அலையவிடுவது நியாயமில்லை. ரிசப்ஷனிலிருந்து அந்த கிளினிக்குக்கு போன் போகும். டாக்டர் கிடைக்காவிட்டால் அங்கிருக்கும் சிஸ்டர் சொல்லிவிடுவார்கள். சொன்னதைச் சீட்டிலேயே, யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்று குறித்துவைக்கிறோம்.

எனக்கு வருவதிலேயே சிறந்த சீட்டுகளை எழுதுகிறவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலர். கையெழுத்து கோழி கிளறியதுதான். ஆனால் இப்படி இருக்கும்: ‘இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை சிசேரியன், ஒன்றரை வருடம் முன். எல்.எம்.பி. தெரியாது. 9 வார ஸ்கேன்படி இ.டி.டி. செப்டம்பர் 18. குறைபாடு ஸ்கேன். நஞ்சு எங்கே?’ எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எனக்கு அது பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது, வேறு எங்கும் தேடிக்கொண்டிருக்காமல் தேவையான இடத்தில் அந்த நேரத்தைச் செலவிட முடிகிறது.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டையும் தாய் சேய் அட்டையையும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையோடு கொண்டுபோங்கள். பழசு எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், அந்தப் பழசுதான் எங்களுக்கு வேண்டும். அப்புறம், டாக்டர் சீட்டை நீட்டும்போது ‘எதுக்கு டாக்டர் இந்த ஸ்கேன்?’ என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்வதைச் சீட்டிலும் எழுதித் தரச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அவர் சொன்னதை அப்படியே வந்து எங்களிடம் சொல்லுங்கள்.

பக்கத்து மருத்துவமனையில் ஒவ்வொரு வருடமும் புது ஹவுஸ் சர்ஜன்கள் வருகிறார்கள், பழகியவர்கள் போய்விடுகிறார்கள், சீட்டுகள் மறுபடி காலியாகின்றன. சமீபமாக அங்குள்ள மகப்பேறு மருத்துவர் அவர்களைக் குழுக்குழுவாக என்னிடம் ஒரு காலை அனுப்பிவைக்கிறார். அவர்களே எழுதிய சீட்டு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, பெண்ணைப் பார்க்காமல், பையைத் திறக்காமல், ‘இதில் நான் எதைத் தேட வேண்டும்?’ என்று கேட்பேன். சிரிப்பார்கள். பிறகு எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் எல்.எம்.பி. கேட்பார்கள்.